குதிகாலும் குவாரமும்

படகு ஓட்ட என்னென்ன வேண்டும் என்று கேட்டால், ஒரு கழி, ஒரு கயிறு, கீழே கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள் வேலப்பன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சடையங்குப்பத்தில் பிறந்து கால்வாயிலேயே காலம் தள்ளியவன். வடகால்வாய் உப்புப் போக்குவரத்துக் கம்பெனி லிமிடெட்டில் ஏழாம் நம்பர் படகு அவனுடையது. அதாவது படகு கம்பெனியுடையது, படகின் கஷ்டம் அவனுடையது. அந்தக் கம்பெனிக்குப் படகுகள் ஏழு, டைரக்டர்கள் ஒன்பது. இது என்ன கணக்கு என்று கேட்கிறவர்கள் கம்பெனி வைத்து நடத்தாதவர்கள்.

எண்ணூர் உப்பளத்தில் உப்பை ஏற்றி, காலடிப்பேட்டைக்கு மேற்கே கால்வாய்க் கரையில் இருந்த கம்பெனிக் கிடங்கில் இறக்குவது வேலை. இதில் என்ன தொல்லை வந்துவிடப் போகிறது? வந்தது. படகின் பின்பக்கம், அடிப்பலகையில், ஓர் ஓட்டை விழுந்தது. வெள்ளி ரூபாய் அகலம்தான் இருக்கும். வேலப்பன் கந்தலையும் களிமண்ணையும் உருட்டி அடைத்தான். அந்த அடைப்பு நிற்க வேண்டுமானால் யாராவது குதிகாலை வைத்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கழி போடுகிறவன் எப்படி உட்காருவது? அவன் பெண்டாட்டி புஷ்பவல்லி உட்கார்ந்தாள். எண்ணூரில் உட்கார்ந்தால் காலடிப்பேட்டையில்தான் எழுந்திருப்பாள்.

உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவளுடைய வலது குதிகால் வெளுத்து, பாளம் பாளமாக வெடித்துப் போயிற்று. கரையில் நடந்தால் மண்ணில் ரத்தப் பொட்டு விழும். வெடிப்புக்குள் உப்பு இறங்கினால் எப்படி எரியும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவ்வளவு அழுத்தியும் தண்ணீர் கசியத்தான் செய்தது. உப்பு மேட்டின் அடிப்பாகம் கரைந்தது. கரைந்ததை அவள் ஒரு கையால் மொண்டு கால்வாயிலேயே கொட்டினாள். எண்ணூரில் ஏற்றிய உப்பு காலடிப்பேட்டைத் தராசில் குறைந்தது.

சரி, இதென்ன வைத்தியமில்லாத வியாதியா? தார் மாதிரிக் காய்ச்சி ஊற்ற ஒரு டின் கீல், ஒரு பிடி தேங்காய் நார், அரை நாள் வேலை. ராயபுரத்தில் படகுச் சாமான் கடை வைத்திருந்த ஜாபர் அவனுக்குப் பழைய தோஸ்து.

"கீலை எடுத்துகினு போய் அடி மாமு. துட்டு கிட்டு ஒண்ணியும் வாணாம்" என்றான் ஜாபர்.

"அடிக்கிறது ஒண்ணும் பெரிசு இல்ல பாய். அப்பால இன்னா ஆவும்? கிருஷ்ணப்பன் கதி மறந்துபோச்சா?"

மூன்றாம் நம்பர் படகுக் கிருஷ்ணப்பன் இதே மாதிரி ஓர் ஓட்டைக்கு மேல் தகரத் துண்டு ஒன்றை ஆணி வைத்து அடித்தான். உத்தரவில்லாமல் கம்பெனி சொத்தின் உருவத்தை மாற்றினான் என்று அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். நீக்கியதோடு விட்டார்களா? கம்பெனி சொத்தைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று தகரத்தையும் பிடுங்கினார்கள். படகு அன்றைக்கே முழுகியது. ஆனால் உருவம் சரியாக இருந்தது.

ஆகவே உத்தரவு வாங்கிக்கொண்டு அடைக்கலாம் என்று வேலப்பன் காத்திருந்தான். உத்தரவு வரவில்லை, மெமோ வந்தது. ஏழாம் நம்பர் படகில் தொடர்ந்து உப்புக் குறைகிறது, நீ திருடுகிறாய் என்று கம்பெனி கருதுகிறது, உன்னை ஏன் போலீசில் ஒப்படைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் காட்டு. ஹெட் கிளார்க் பக்தவச்சலம் அதை இங்கிலீஷில் ஒரு தரம் படித்தார். பிறகு, கேட்கிறவன் மேல் இரக்கப்பட்டு, தமிழிலும் சொன்னார்.

"காரணம் படகுல கீது ஐயா. வாங்க, காட்டுறேன். ஓட்டை."

பக்தவச்சலம் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "வாயால் சொல்லாதே. வாயால் சொன்னால் அது வதந்தி. விண்ணப்பமாக வர வேண்டும். விண்ணப்பம் உரிய அதிகாரிக்கு, உரிய பட்டப் பெயரோடு, இங்கிலீஷில் போக வேண்டும். உனக்கு யார் உரிய அதிகாரி என்று தெரியுமா?"

"தெரியாதுங்க."

"உனக்கு மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றாவது தெரியுமா?"

"தெரிஞ்சிகினா பயமா இருக்குமேன்னு கேக்கலீங்க."

அதற்குத்தான் வகுப்பு ஏற்பட்டது. சேர்மன் டாட்ஹில் துரை அப்போதுதான் சீமைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். அங்கே யாரோ சொன்னார்களாம், தொழிலாளி தன் கம்பெனியின் அமைப்பையும் நிர்வாகத்தையும் பற்றிய சொற்களை இங்கிலீஷில் தெரிந்துகொண்டால் நஷ்டம் தானாகக் குறைந்துவிடும் என்று. படகுக்காரர்கள் எல்லாரும் சாயங்காலம் கிடங்குக்கு வந்து படிக்க வேண்டும். பரீட்சையில் தேறினவன் மட்டும்தான் விண்ணப்பம் போடலாம். தேறுகிற வரைக்கும் அவன் படகில் ஓட்டை இல்லை.

பக்தவச்சலம் கரும்பலகையில் ஏணி ஒன்று வரைந்தார். உச்சிப் படியில் சேர்மன். அடுத்த படியில் போர்டு ஆஃப் டைரக்டர்ஸ். அப்புறம் மானேஜிங் டைரக்டர், செக்ரட்டரி, அசிஸ்டென்ட் செக்ரட்டரி, மானேஜர், சூப்பரிண்டெண்டென்ட்கள், ஹெட் கிளார்க். ஹெட் கிளார்க்கைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியதால் படகுக்காரனுக்குப் பலகையில் இடம் போதவில்லை. அவனைக் கீழே சுவரில் எழுதினார்.

"டைரக்டர் என்றால் கம்பெனி எந்தத் திசையில் போக வேண்டும் என்று காட்டுகிறவர். சொல்லு."

"டைரக்டர். ஐயா, ஒரு சந்தேகம். கால்வாயில ரெண்டு திக்குதானே கீது, போறது, வர்றது. அதுக்கு ஒம்போது பேரு இன்னாத்துக்கு?"

"அது அடுத்த பாடம்" என்றார் பக்தவச்சலம். அந்தப் பாடம் வரவேயில்லை.

ஷேர்ஹோல்டர் என்ற சொல் வந்தது. கம்பெனியின் நிஜமான சொந்தக்காரர்கள் அவர்கள்தான் என்றார். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வேலப்பன் கேட்டான். கண்ணால் பார்க்க முடியாது, எங்கும் இருக்கிறார்கள் என்றார்.

"சாமி மாதிரிங்களா?"

"சாமிக்கு டிவிடெண்ட் கிடையாது. உளறாதே."

மினிட்ஸ் வந்தது. கூட்டத்தில் பேசினதை எழுதி வைப்பது மினிட்ஸ். எழுதினதுதான் பேசினது, எழுதாதது பேசாதது. அதற்கப்புறம் குவாரம். இந்தச் சொல்லை உச்சரிக்கும்போது பக்தவச்சலம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"குவாரம் என்பது கம்பெனிக்கு உயிர். நாலு டைரக்டர்கள் கூடியிருந்தால்தான் நடந்தது நடந்ததாகும். மூன்று பேர் இருந்தால் எதுவும் நடக்கவில்லை."

"மூணு பேரு மட்டும் கீறப்போ மழை பேஞ்சா?"

"பெய்யவில்லை."

"நான் நனைஞ்சிட்டா?"

"நனைந்தது உன் சொந்த விஷயம்."

வேலப்பனுக்குத் தலை கிறுகிறுத்தது. பகல் முழுக்கக் கழி போட்ட கை, அந்தி சாய்ந்தால் பலப்பத்தைப் பிடித்தது. ஆனாலும் விடுவதாயில்லை. சொல் தெரிந்துவிட்டதே, உரிய அதிகாரியை நாமே தேடிப் பார்ப்போம் என்று ஒரு நாள் ராயபுரம் ஆபீசுக்குப் போனான். படகு டிபார்ட்மென்ட்டில் கேட்டார்கள், தண்ணீர் எங்கே இருக்கிறது? படகுக்குள் என்றான். "வெளியே இருந்தால் அது கால்வாய், சர்க்கார் சமாசாரம். உள்ளே வந்துவிட்டால் சரக்கு. சரக்கு டிபார்ட்மென்ட்டுக்குப் போ." சரக்கு டிபார்ட்மென்ட்டில், "உப்புதான் எங்களுக்குச் சரக்கு. தண்ணீரை நாங்கள் ஏற்றச் சொல்லவில்லையே, நீ எப்படி ஏற்றினாய்?" என்று அதட்டினார்கள். இன்னொரு மெமோ கொடுக்கப் பார்த்தார்கள், நல்லவேளையாகக் காகிதம் தீர்ந்திருந்தது.

கடைசியில் குறைவு டிபார்ட்மென்ட். உப்புக் குறைவைக் கவனிப்பதற்கென்றே புதிதாக ஏற்பட்டது அது. சூப்பரிண்டெண்டென்ட் தாமோதரம் பங்காவுக்குக் கீழே சாய்ந்துகொண்டிருந்தார். வேலப்பன் சொன்னதை அவர் ஒருவர்தான் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கலங்கிப் போனார்.

"ஏனப்பா, உப்புக் குறைகிறதால்தானே இந்த டிபார்ட்மென்ட்டே இருக்கிறது? எனக்குக் கீழே இரண்டு குமாஸ்தா, ஒரு பியூன், பங்கா இழுக்க ஓர் ஆள். நீ பாட்டுக்கு ஓட்டையை அடைத்துவிட்டால் நாங்களெல்லாம் எங்கே போவது? இத்தனை குடும்பத்து வயிற்றிலே கீலைக் காய்ச்சி ஊற்றப் பார்க்கிறாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா?"

"திருடன்னு என் பேரை எழுதிகீறீங்களே ஐயா."

"எழுதாமல்? குறைவுக்கு எதிரே காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலியாக விடக் கூடாது. திருட்டு என்றால் சின்ன வார்த்தை, கட்டத்துக்குள் அடங்கும். உன் ஓட்டைக் கதையை எழுத ஆரம்பித்தால் கோட்டைத் தாண்டிப் போகும். உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, தெரியுமா? நீ நன்றாக இருக்க வேண்டும். மாதாமாதம் குறைந்துகொண்டிருக்க வேண்டும்."

வேலப்பன் வீட்டுக்கு வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டான். புஷ்பவல்லி குதிகாலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சுவத்த இடிக்காத. அதுக்கு இன்னா டிபார்ட்மென்ட்டோ, அப்பால அதுக்கும் நீ அலையணும்" என்றாள்.

"வையாத வல்லி. பரீட்சை தேறிட்டா விண்ணப்பம் போட்றலாம். கீல் வந்துரும். திருடன்ற பேரும் போயிரும். கேளு, சொல்றேன். சேர்மன், அவருக்கு அடியில போர்டு ஆஃப் டைரக்டர்ஸ், அதுக்கு அடியில..."

"இம்மாம் பேரு மேல குந்திகினு கீறாங்களே, படகு ஏன்யா முழுகாது?" என்றாள் அவள். காலைத் தரையில் வைத்தபோது முகம் சுருங்கியது. அவன் அதைப் பார்த்துவிட்டு, முன்னைவிட உரக்க நெட்டுருப் போட ஆரம்பித்தான்.

பரீட்சை எப்போது, எப்போது என்று இருந்தவனுக்கு அது வந்த விதம்தான் அநியாயம். தொழிலாளரோடு போர்டு நெருங்கிப் பழக வேண்டும் என்று டாட்ஹில் துரைக்குத் தோன்றியது. ஆகவே அந்த முறை டைரக்டர்கள் கூட்டம் ஆபீசில் இல்லை, கால்வாயில், கம்பெனிப் படகு ஒன்றில், எண்ணூரிலிருந்து புறப்பட்டு நடக்கும் என்று உத்தரவாயிற்று. படகிலேயே ஒருவனைப் பரீட்சை செய்து டைரக்டர்களுக்குக் காட்டுவது என்றும் ஏற்பாடு. எந்தப் படகு? பக்தவச்சலம் எல்லாப் படகுகளையும் பார்த்து, ஏழாம் நம்பர்தான் சுத்தமாக இருக்கிறது என்றார். இருக்காதா பின்னே? தினம் தண்ணீர் வந்து கழுவிவிட்டுப் போகிற படகு அது ஒன்றுதானே.

"ஐயா, அது வாணாம்யா. ஓட்டை" என்றான் வேலப்பன்.

"விண்ணப்பம் இருக்கிறதா?"

"இனிமேதானே பரீட்சை."

"அப்படியென்றால் இன்றைக்கு ஓட்டை இல்லை. போய்க் கம்பளத்தை விரி."

கம்பளம் விரித்தார்கள், மேஜை போட்டார்கள், நாற்காலிகள் போட்டார்கள். டைரக்டர்கள் வருகிற படகில் பொம்பளை கூடாது என்று புஷ்பவல்லியை இறக்கிவிட்டார்கள். அவளும் அவள் தம்பி சின்னப்பையனும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடப்பது என்றாயிற்று. கழி போடுகிற வேலை இல்லாததால் வேலப்பன் தானே பின்பக்கம் உட்கார்ந்து, கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி, அடைப்பின் மேல் குதிகாலை ஊன்றிக்கொண்டான். உப்பு சுரீரென்று ஏறியது. இத்தனை நாளும் இவள் இதையா தாங்கிக்கொண்டிருந்தாள் என்று நினைத்துக்கொண்டான்.

வந்தது டாட்ஹில் துரையோடு சேர்த்து நாலு டைரக்டர்கள். குவாரத்துக்குச் சரியாகப் போயிற்று. அவர்களில் நல்ல கனமான ராவ் பகதூர் ஒருவர் இருந்தார், அவர் ஏறியதும் படகு ஒரு சாண் இறங்கிக் கொடுத்தது. செக்ரட்டரி துரை மினிட்ஸ் எழுதப் பேனாவைத் திறந்தார். சேர்மன் எழுந்து பேசினார். கம்பெனி என்பதும் ஒரு படகுதான் என்றார். அதில் ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் அசையாமல் இருந்தால் அது ஒருநாளும் முழுகாது என்றார். பக்தவச்சலம் தமிழில் சொல்லச் சொல்ல, வேலப்பன் மனசார ஒப்புக்கொண்டு தலையாட்டினான். அவன்தான் அசையாமல் இருந்தானே.

"இப்போது நம் படகுக்காரனைப் பார்ப்போம்" என்றார் சேர்மன்.

"வேலப்பா, எழுந்து நில். முன்னால் வா" என்றார் பக்தவச்சலம்.

"குந்திகினே சொல்லிடறேன் ஐயா."

"சேர்மன் கேட்கும்போது உட்கார்ந்திருப்பதா? விதி தெரியாதா உனக்கு? எழுந்திரு."

"காலை எடுத்தா தண்ணி வந்துரும் ஐயா. நம்புங்க."

அவன் என்ன சொல்கிறான் என்று சேர்மன் கேட்டார். பக்தவச்சலம் கை கட்டிக்கொண்டு, "தங்களைப் பார்த்த ஆனந்தத்தில் அவன் கண்களில் தண்ணீர் வருகிறதாம்" என்று மொழிபெயர்த்தார். டைரக்டர்கள் மேஜையைத் தட்டினார்கள். பக்தவச்சலம் வேலப்பன் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "எழுந்திருக்காவிட்டால் பரீட்சையில் தவறினதாக அர்த்தம். அப்புறம் போலீஸ்தான்" என்றார்.

வேலப்பன் கரையைப் பார்த்தான். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு புஷ்பவல்லி நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தாள். அவன் எழுந்து நின்றான்.

"சேர்மன். கம்பெனிக்குத் தலை" என்று ஆரம்பித்தான். கம்பளத்துக்குக் கீழே களகளவென்று ஒரு சத்தம் கேட்டது. "போர்டு ஆஃப் டைரக்டர்ஸ். திக்கு காட்டறவங்க." கம்பளம் ஒரு மூலையில் மிதந்தது. திரும்பி ஓடிப்போய்க் காலை வைத்துவிடலாமா என்று அவன் கால் துடித்தது. பாதியில் நிறுத்தினால் தோல்வி என்று பக்தவச்சலம் விரலை ஆட்டினார். "மானேஜிங் டைரக்டர்" என்றபோது தண்ணீர் மேஜைக் காலைத் தொட்டது. "செக்ரட்டரி" என்றபோது செக்ரட்டரியின் பூட்ஸுக்குள் போயிற்று.

ஒரு டைரக்டர், கால் ஈரமாக இருக்கிறதே என்று சொன்னார். இந்த விஷயம் இன்றைய அஜெண்டாவில் இருக்கிறதா என்று செக்ரட்டரி புரட்டிப் பார்த்தார். இல்லை. கடைசியில் இதர விஷயங்கள் என்ற தலைப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மூன்றாவது டைரக்டர், இது எந்த டிபார்ட்மென்ட்டைச் சேர்ந்த தண்ணீர் என்று ஒரு சப்-கமிட்டி பார்க்கட்டும் என்றார். ராவ் பகதூர் மட்டும் இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

வேலப்பன் ஒரு படி விடாமல் ஏணியில் இறங்கி வந்தான். ஹெட் கிளார்க்கைச் சொன்னபோது தண்ணீர் முழங்காலில் இருந்தது. "அப்பால, செவுத்துல, படகுக்காரன்" என்று முடித்தான். ஒரு பிழை இல்லை. சேர்மனுக்குப் புல்லரித்துவிட்டது. இவன் தேறிவிட்டான், இனி இவன் விண்ணப்பம் போடலாம் என்று அறிவித்தார்.

"இப்பவே போட்டுக்கறேன் தொரை. ஒரு டின் கீல் வோணும். படகுல ஓட்டை."

இந்தத் தடவை பக்தவச்சலத்துக்கு வேறு மாதிரி மொழிபெயர்க்க வழியில்லை. இடுப்புக்கு மேலே தண்ணீரில் நின்று மொழிபெயர்த்தார். சேர்மன் உடனே ஒரு ரெசல்யூஷன் சொன்னார், ஏழாம் நம்பர் படகுக்கு ஒரு டின் கீல் வழங்குவது என்று. இன்னொரு டைரக்டர் ஆமோதித்தார். வேலப்பன் கண்ணை மூடிக்கொண்டான். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்று செக்ரட்டரி சொல்ல வாயெடுத்தார். அந்த க்ஷணத்தில் ராவ் பகதூர் கால்வாயில் குதித்துவிட்டார்.

"குவாரம் போயிற்று" என்றார் செக்ரட்டரி. பேனாவை மூடினார்.

ராவ் பகதூரைத் திரும்பி வரும்படி சேர்மன் கூப்பிட்டார். படகு வந்தால் நானும் வருகிறேன் என்று அவர் கரையிலிருந்து கத்தினார். அதற்குள் படகு தரை தட்டிவிட்டது. நல்லவேளை, அங்கே ஆழம் மார்பளவுதான். சேர்மனைச் சின்னப்பையன் முதுகில் சுமந்துகொண்டு போய்க் கரையில் விட்டான். வேலப்பன் மட்டும் தண்ணீரிலேயே நின்றான். ஒரு கை. ஒரே ஒரு கை தூக்கியிருந்தால் போதுமே.

சில நாள் கழித்து பக்தவச்சலம் வகுப்பில் மினிட்ஸைப் படித்தார். குவாரம் இல்லாததால் கூட்டம் நடைபெறவில்லை. கூட்டம் நடைபெறாததால் பரீட்சையும் நடைபெறவில்லை, விண்ணப்பமும் வரவில்லை, படகும் முழுகவில்லை.

"படகு அடியில கீதுங்க. வந்து பாருங்க" என்றான் வேலப்பன்.

"நடக்காததைப் போய்ப் பார்க்க அலவன்ஸ் கிடையாது."

வேலப்பன் மெதுவாகக் கேட்டான். "ஐயா, முழுகாத படகை நான் மேல தூக்கினா, அது கம்பெனி சொத்து மேல கை வச்ச குத்தமா?"

பக்தவச்சலம் யோசித்தார். மோவாயைத் தடவினார், பலகையைப் பார்த்தார், விதிகளை மனசுக்குள் ஓட்டினார். "முழுகாத படகைத் தூக்க முடியாது. ஆகவே நீ தூக்கவில்லை. ஆகவே குற்றமும் இல்லை" என்றார்.

அத்தனை நாள் வகுப்பில் வேலப்பனுக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். மற்றப் படகுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டப் பகலில் படகைத் தூக்கிக் கரையில் கவிழ்த்தான். ஜாபர் கீல் டின்னோடு வந்து சேர்ந்தான். நாரைத் திணித்து, கீலைக் காய்ச்சி ஊற்றி, இரண்டு பேரும் அரை நாளில் வேலையை முடித்தார்கள். படகைத் தண்ணீரில் தள்ளினால் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

புஷ்பவல்லி முதல் தடவையாகப் படகின் முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். கால் இரண்டையும் நீட்டிக்கொண்டாள். எண்ணூர்க் காற்று முகத்தில் அடித்தது. "இம்மாம் நாளா இந்தக் காத்து இங்கதான் அடிச்சிகினு இருந்துச்சா?" என்று கேட்டாள். வேலப்பன் சிரித்தான். வாரங்கள் போகப் போகக் குதிகாலில் வெடிப்பு மூடிக்கொண்டது. அவள் அதில் மஞ்சள் பூசிக்கொண்டு, சந்தைக்குப் போய் வருகிற சாக்கில் ஊரெல்லாம் நடந்துவிட்டு வந்தாள்.

எண்ணூரில் ஏற்றிய உப்பு காலடிப்பேட்டையில் அப்படியே இறங்கியது. அதுதான் வினை. ஒருநாள் கிடங்குப் படித்துறையில் குறைவு சூப்பரிண்டெண்டென்ட் தாமோதரம் நின்றுகொண்டிருந்தார். பங்காவை விட்டு அவர் வெளியே வந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"வேலப்பா, ஏன் இப்படிச் செய்தாய்? ஏழாம் நம்பரில் குறைவே இல்லை. அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? இதுவரைக்கும் நீ திருடிக்கொண்டிருந்தாய், இப்போது நிறுத்திவிட்டாய் என்று அர்த்தம். முன்னே சந்தேகமாக இருந்தது, இப்போது ருசுவாகிவிட்டது."

"ஐயோ, அது ஓட்டைங்க. அதை அடை..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சொல்லாதே. அடைத்தேன் என்று என் காதில் விழுந்தால் உனக்குக் கிருஷ்ணப்பன் கதிதான். படகு போய்விடும்." தாமோதரம் குரலைத் தாழ்த்தினார். அந்த முகத்தில் நிஜமான அன்பு இருந்தது. "உனக்காக நான் எவ்வளவோ வாதாடினேன். ஓட்டை இருக்கிறது என்று அவன் முன்பே சொன்னானே என்றேன். நாளைக்குக் கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். ஓட்டை இருந்தால் நீ யோக்கியன், மெமோவைக் கிழித்துவிடுவார்கள். ஓட்டை இல்லாவிட்டால் நீ திருடன். போலீசுக்கும் சொல்லியாகிவிட்டது. உன் நல்ல காலம், ஓர் ஓட்டையாவது இருக்கட்டும்."

அவர் போன பிறகு வேலப்பன் படகின் பின்பக்கம் உட்கார்ந்தான். கையில் உளியும் சுத்தியும் இருந்தன. கீல் பூசின இடம் கறுப்பாக, வட்டமாக, மழமழவென்று இருந்தது. அவன் உளியை அதன் மேல் வைத்தான், எடுத்தான், திரும்ப வைத்தான். கை எழவில்லை.

முன்பக்கத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்த புஷ்பவல்லி எழுந்து வந்தாள். அவனுக்கு எதிரே, பழைய இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். புடவையை முழங்கால் வரை ஒதுக்கிக்கொண்டாள்.

"குத்து" என்றாள்.

"எம்மாம் பெரிசுன்னு தெர்ல வல்லி. சின்னதா போட்டா இன்ஸ்பெக்டர் கண்ணுல படாது. பெரிசா போட்டா முழுகிப்பூடும்."

அவள் மஞ்சள் பூசிய குதிகாலைத் தூக்கிக் கீல் வட்டத்தின் மேல் வைத்துக் காட்டினாள்.

"இந்த அளவுக்குப் போடு. கம்பெனிக்குப் பழக்கமான அளவு இதான்."

அவள் காலை நகர்த்திக்கொண்டாள். வேலப்பன் சுத்தியை ஓங்கினான். கீல் வெயிலில் இளகியிருந்தது, அதனால் சத்தம்கூட அதிகம் வரவில்லை. தண்ணீர் வந்தது. அவள் காலை வைத்து அழுத்திக்கொண்டாள்.